சிகரெட்டும் ஒட்டுறவுதானே?

கேள்வி சுருக்கமாக இது: "கோடையில் ஐஸ்கிரீம் விற்பனை கூடுகிறது, தண்ணீரில் மூழ்கிச் சாகிறவர்களும் கூடுகிறார்கள். அதற்காக ஐஸ்கிரீம் ஆளை மூழ்கடிக்கிறது என்று சொல்ல முடியாது. இது புரிகிறது. ஆனால் யாரையும் புகைக்க வைத்துச் சோதித்துப் பார்க்காமலே சிகரெட்டால் புற்றுநோய் வருகிறது என்கிறார்கள். அதுவும் இரண்டும் சேர்ந்து வருகிற வெறும் ஒட்டுறவுதானே? ஒன்றைப் பார்த்துச் சிரிப்பதும் இன்னொன்றை நம்புவதும் எந்த நியாயம்?"

இதே கேள்வியை 1957-58 வாக்கில் ரொனால்ட் ஃபிஷர் கேட்டார். இன்று நாம் பாடமாகப் படிக்கும் புள்ளியியலில் பாதி அவர் கைபட்டது. ஆகவே கேள்வியில் ஒரு குறையும் இல்லை. பதில்தான் கொஞ்சம் நீளம்.

முதலில் ஒட்டுறவு என்கிற எண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை -1 முதல் +1 வரையிலான ஓர் எண்ணாகச் சொல்வது அது. 2012-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் பாதி விளையாட்டாக ஒரு கட்டுரை வந்தது. 23 நாடுகளில் ஆளுக்கு எவ்வளவு சாக்லேட் சாப்பிடுகிறார்கள், மக்கள்தொகைக்கு எத்தனை நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்ததில் ஒட்டுறவு 0.79. பெரிய எண்தான். ஆனால் சாக்லேட்டை இந்தப் பக்கமும் நோபலை அந்தப் பக்கமும் மாற்றிப் போட்டுக் கணக்குப் போட்டாலும் அதே 0.79 தான் வரும். எது காரணம், எது காரியம் என்று அந்தச் சூத்திரத்திடம் கேட்டால் அதற்கு வாயே கிடையாது. பணக்கார நாட்டில் சாக்லேட்டும் விற்கும், ஆராய்ச்சிக்கூடமும் இருக்கும்; அவ்வளவுதான்.

நம் ஊரில் இதற்கென்றே ஒரு பழமொழி இருக்கிறது: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் அது தற்செயலுக்கு மட்டும்தான் பொருந்தும். நூறு தடவை உட்கார்ந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கோழி கூவுவதும் பொழுது விடிவதும் அப்படியல்ல. தினமும் தவறாமல் நடக்கிறது, முன்னால் கூவல், பின்னால் விடியல் என்ற வரிசையும் மாறுவதில்லை. ஒட்டுறவு கிட்டத்தட்ட முழு ஒன்று. இருந்தும் கோழியைக் குழம்பு வைத்துவிட்டால் மறுநாள் விடியாமல் போகாது. தரவு நிறைய சேர்ந்துவிட்டால் காரணம் தெரிந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் கோழியைத்தான் காட்டுவேன்.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். ஐம்பது வருஷம் பீடி. கடைசியில் ஒருநாள் கட்டையும் தீப்பெட்டியையும் தூக்கி எறிந்தார், ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்தார். "குடிச்சிட்டு இருந்தவரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு, விட்டாரு, போயிட்டாரு" என்று துக்கம் விசாரிக்க வந்த எல்லோரும் சொன்னார்கள். அவர் ஏன் விட்டார் என்று யாரும் கேட்கவில்லை. இருமலில் ரத்தம் வந்தது, பயந்து விட்டார். பீடியை விட்டதால் நோய் வரவில்லை; நோய் வந்ததால் பீடி போனது. அம்பு தலைகீழாகப் பாய்ந்திருக்கிறது. மருத்துவ ஆய்வுகளிலும் இது அடிக்கடி தலைகாட்டும். சமீபத்தில் புகையை விட்டவர்கள் கணக்கில் சாவு கூடுதலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொரு வகை, சளிக்கு மருந்து. சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்று கேலியாகச் சொல்வோமே, அது. உடம்பு மிகவும் படுத்தும் நாளில்தான் கஷாயத்தைத் தேடுகிறோம். உச்சத்துக்குப் போனது அடுத்த நாள் தானாகவே கொஞ்சம் இறங்கும். இறங்கிய பெருமை கஷாயத்துக்குப் போய்விடும்.

சரி, இதெல்லாம் தெருக்கதை, படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று தோன்றலாம். நன்றாகவே ஏமாந்திருக்கிறார்கள். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்த கதையை விட எனக்கு இதில் பெரிய பாடம் கிடையாது.

அமெரிக்காவில் 1976-இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான செவிலியர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கியது. ஹார்மோன் மாத்திரை எடுத்த பெண்களுக்கு மாரடைப்பு வெகுவாகக் குறைவு என்று 1985-இல் அதிலிருந்து முடிவு வந்தது. வேறு ஆய்வுகளும் ஒத்துப் பாடின. உடலியல் விளக்கமும் கைவசம் இருந்தது: ஈஸ்ட்ரோஜன் கொலஸ்ட்ராலைச் சீராக்குகிறது, இளம் பெண்களுக்கு மாரடைப்பு அபூர்வம், ஆகவே ஹார்மோன்தான் காப்பாற்றுகிறது. இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

அப்புறம் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய சோதனை நடந்தது. 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்கள். யாருக்கு நிஜ மாத்திரை, யாருக்குப் போலி மாத்திரை என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்தது. 2002 ஜூலையில், சராசரியாக 5.2 ஆண்டு ஆனதும், சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம் மட்டுமல்ல, எந்த இதயத்தைக் காப்பாற்றும் என்று சொன்னார்களோ அந்த இதய நோயே சுமார் 29 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆளுக்கு ஆள் பார்த்தால் சிறிய ஆபத்துதான், 10,000 பெண்களுக்கு ஆண்டுக்கு ஏழு பேர் கூடுதல். மாதவிலக்கு நின்ற உடனே தொடங்கினால் கதை வேறாக இருக்கலாம் என்ற விவாதம் பின்னால் வந்தது, அதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் மாரடைப்பு வெகுவாகக் குறையும் என்ற அந்தப் பெரிய நன்மை சோதனையில் தென்படவில்லை.

ஓட்டை எங்கே? அந்தக் காலத்தில் ஹார்மோன் மாத்திரை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பெண் எப்படிப்பட்டவள் என்று யோசியுங்கள். கொஞ்சம் வசதியானவள், படித்தவள், ஒழுங்காக டாக்டரிடம் போகிறவள், உடம்பைக் கவனிக்கிறவள். மாத்திரை இல்லாவிட்டாலும் அவளுக்கு மாரடைப்பு குறைவாகத்தான் வந்திருக்கும். ஆய்வாளர்கள் எடை, புகைப்பழக்கம் என்று தெரிந்ததையெல்லாம் கழித்துப் பார்த்தார்கள். அளக்காததை எப்படிக் கழிப்பது?

அளக்காதது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதற்கு ஒரு எண்ணைச் சொல்கிறேன், நான் முதலில் படித்தபோது இரண்டு முறை திரும்பிப் படித்த எண். மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களிடம் நடந்த ஒரு மருந்துச் சோதனை, 1980-இல் வெளியானது. அதில் போலி மாத்திரை கிடைத்த கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் போலி மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களில் ஐந்து ஆண்டுகளில் இறந்தவர்கள் 15 சதவீதம். ஏனோதானோ என்று விழுங்கியவர்களில் 28 சதவீதம். மருந்தே இல்லாத மாத்திரை! மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குகிற குணத்தோடு வேறு எத்தனையோ நல்ல பழக்கங்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்தக் குணத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

குலுக்கல் ஏன் இதைச் சரிசெய்கிறது என்பது இப்போது விளங்கும். நாணயத்துக்கு யார் வசதியானவர், யார் ஒழுங்கானவர், யாருக்கு எந்த மரபணு என்பதெல்லாம் தெரியாது. தலை விழுந்தவர்கள், பூ விழுந்தவர்கள் என்று பிரித்தால் தெரிந்ததும் தெரியாததும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பங்காகிவிடும். அதற்கப்புறம் தெரியும் வித்தியாசத்துக்கு மருந்தையும் தற்செயலையும் தவிர வேறு ஆளைப் பிடிக்க முடியாது. தற்செயலின் அளவைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

இந்த யோசனையை விவசாய ஆராய்ச்சியில் நிலைநாட்டியவர் நம் ஃபிஷர்தான். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் பண்ணையில் வேலை. வயலில் ஒரு மூலை செழிப்பாக இருக்கும், ஒரு மூலை சோடையாக இருக்கும். எந்த உரம் நல்லது என்று பார்க்க வேண்டுமானால் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கிப் போடு என்றார். அதை மனிதர்களிடம் கொண்டுவந்து பேர் வாங்கியவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். முதல் உலகப் போரில் காசநோய் வாங்கிக்கொண்டு நீண்ட காலம் படுக்கையில் கிடந்தவர், அதனால் மருத்துவம் படிக்க முடியாமல் போனவர். 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையை அவர்தான் வடிவமைத்தார். 107 காசநோயாளிகள், உறையைப் பிரித்தால் யாருக்கு ஊசி, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்று இருக்கும். ஆறு மாதத்தில் ஊசி போட்ட 55 பேரில் இறந்தவர்கள் 4, போடாத 52 பேரில் 14.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. காசநோய்க்கு நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, சானடோரியம் வாசம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். சானடோரியத்தில் இருந்தவர்கள் தேறினார்கள் என்பது கண்ணால் கண்ட ஒட்டுறவு. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் நெரிசலான சொந்த வீட்டில், இருவருக்கும் ஒரே மாத்திரைகள். சானடோரியத்துக்காரர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் எவ்வளவோ மேல். இருந்தும் ஒரு வருஷம் கழித்துத் தேறியவர்கள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. 1959-இல் முடிவு வெளியானது. காசநோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகம் இன்று நம்புவதற்கு அந்தச் சேத்துப்பட்டு வேலை ஒரு முக்கியமான காரணம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிகரெட்டுக்கு நாணயம் சுண்ட முடியாது. ஆயிரம் பேரைப் பிடித்து இருபது வருஷம் ஊதச் சொல்ல எந்த ஊரில் அனுமதிப்பார்கள்? ஹில்லும் அவரோடு வேலை செய்த ரிச்சர்ட் டாலும் லண்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் கேள்வி கேட்டுத்தான் ஆரம்பித்தார்கள். தொடங்கும்போது டாலுக்குச் சாலையில் போடும் தார் மேல்தான் சந்தேகம். 1950-இல் முடிவு வந்தது: நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் 2 பேர். வேறு நோய்க்காகப் படுத்திருந்த அதே எண்ணிக்கை ஆண்களில் 27 பேர்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். புற்றுநோய் என்று தெரிந்ததும் நோயாளி தன் பழக்கத்தைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம், கேள்வி கேட்டவரும் துருவித் துருவிக் கேட்டிருக்கலாம். அதற்கு அவர்கள் தரவுக்குள்ளேயே ஒரு அழகான பதில் ஒளிந்திருந்தது. புற்றுநோய் என்று எண்ணிப் பேட்டி எடுத்த சிலருக்குப் பிறகு பார்த்தால் அந்த நோயே இல்லை. பேட்டி நடந்த அன்று இரண்டு தரப்பும் அவர்களைப் புற்றுநோயாளி என்றுதான் நினைத்தார்கள். ஆனால் அவர்களுடைய புகைக் கணக்கு மற்ற நோயாளிகளின் கணக்கோடு பொருந்தியது, புற்றுநோயாளிகளோடு பொருந்தவில்லை. பேட்டியில் கோளாறு இருந்திருந்தால் இப்படி வந்திருக்காது. துப்பறிகிற வேலை என்றால் இதுதான். எந்தச் சூத்திரமும் இதைச் செய்து கொடுக்காது.

அடுத்து 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கே கடிதம் போட்டார்கள். 40,000-க்கும் மேல் பதில் வந்தது. இந்த முறை பழக்கத்தை முதலில் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு யார் எதனால் இறக்கிறார்கள் என்று காத்திருந்தார்கள். 1956 அறிக்கையின்படி, நுரையீரல் புற்றுநோயால் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் இறந்தவர்கள்: புகைக்காதவர்களில் 7, கொஞ்சமாகப் புகைப்பவர்களில் 47, நடுத்தரமாக என்றால் 86, தினம் 25 சிகரெட்டோ அதற்கு மேலோ என்றால் 166. படிப்படியாக ஏறுகிறது.

ஃபிஷர் இதற்கெல்லாம் மசியவில்லை. அவர் பைப் பிடிப்பவர், புகையிலை நிறுவனங்களின் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். அதற்காக அவர் வாதத்தைக் குப்பையில் போடக் கூடாது. வாதத்துக்கு வாதம்தான் பதில். அவர் சொன்னது இரண்டு. ஒன்று, புற்றுநோயின் ஆரம்ப எரிச்சல்தான் ஒருவேளை ஆளைப் புகைக்கத் தூண்டுகிறதோ என்னவோ (தாத்தா கதையின் தம்பி). இது 40 வருஷமாகப் புகைக்கிறவர் விஷயத்தில் எடுபடாது. இரண்டாவதுதான் கனமானது: ஒரே மரபணு புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் சேர்த்தே கொடுக்கிறது. கோடை வெயில் ஐஸ்கிரீமையும் குளியலையும் சேர்த்துக் கொடுக்கிற மாதிரி. ஒரே அச்சாக இருக்கும் இரட்டையர்களின் புகைப்பழக்கம் மற்ற இரட்டையர்களைவிட அதிகம் ஒத்துப்போகிறது என்று தரவும் காட்டினார்.

இதற்குப் பதில் 1959-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதியது. நான் வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது இது. புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து 9 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிஷர் சொல்வதே சரி, சிகரெட் பரம சாது, எல்லாம் மரபணுவின் வேலை என்றும் ஒப்புக்கொள்ளுங்கள். அப்படியானால் புற்றுநோய் வித்தியாசம் முழுவதும் மரபணு வித்தியாசத்திலிருந்துதான் வர வேண்டும். ஆகவே அந்த மரபணு புகைக்காதவர்களிடம் இருப்பதைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். புகைக்காத 100 பேரில் 10 பேருக்கு இருந்தால், புகைக்கும் 100 பேரில் 90 பேருக்காவது வேண்டும். 12 பேருக்கு இருந்தால்? நூற்றுக்கு 108 பேருக்கு வேண்டும். அந்தக் கூடுதல் எட்டுப் பேரை எங்கே போய்த் தேடுவது! இரட்டையர் தரவு காட்டியதோ ஏதோ கொஞ்சம் ஒத்துப்போகிறது என்பதுதான். 9 மடங்குக்கு அது பக்கத்தில்கூட வராது.

உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. "வேறு ஏதாவது காரணம் இருக்கலாமே" என்று சொல்வதற்குச் செலவே இல்லை, யாரும் எதைப் பற்றியும் சொல்லலாம். அந்த வேறு காரணம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், இருந்தால் வேறு எங்கெல்லாம் தடம் பதித்திருக்கும் என்று கேட்டுக் கணக்குத் தீர்க்கச் சொன்னால்தான் அதன் பலம் தெரியும். ஐஸ்கிரீம் விஷயத்தில் வெயிலைக் கூப்பிட்டால் உடனே வந்து நின்றுவிடும்: ஒரே மாதிரி வெயில் அடிக்கும் நாட்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் அந்த ஒட்டுறவு கரைந்துபோகும். ஹார்மோன் மாத்திரை காட்டிய நன்மை இரண்டு மடங்கு அளவுக்குத்தான்; அந்த அளவு வித்தியாசத்தை வசதியும் ஒழுங்கும் சேர்ந்தே உண்டாக்கிவிட முடியும் என்று போலி மாத்திரைக் கணக்கு காட்டுகிறது. சிகரெட்டின் 9 மடங்கை, அதிகம் புகைப்பவர்களிடம் தெரியும் இருபது மடங்குக்கு மேற்பட்டதை, உண்டாக்கக்கூடிய ஒளிந்திருக்கும் ஆள் யாரும் இன்றுவரை அகப்படவில்லை.

ஹில் 1965-இல் ஒரு உரையில், ஒட்டுறவைப் பார்த்துக் காரணம் என்று சொல்லும் முன் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்பது விஷயங்களைச் சொன்னார். பல பாடப் புத்தகங்கள் அதை ஒன்பது மார்க் கேள்வி மாதிரி ஆக்கிவிட்டன. இதில் எதுவும் கட்டாய விதி அல்ல என்று அவரே அதே உரையில் சொன்னதை வசதியாக விட்டுவிடுகிறார்கள். உயிரியல் விளக்கம் பொருந்துகிறதா என்பதும் அந்த ஒன்பதில் ஒன்று. ஹார்மோன் மாத்திரைக்கு அது கனகச்சிதமாகப் பொருந்தியது என்பதை மறக்க வேண்டாம்.

மருத்துவர்கள் ஆய்வு 50 ஆண்டு ஓடியது. 2004-இல் வந்த கணக்கு: தொடர்ந்து புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் அதில் சுமார் 3 ஆண்டை மீட்டார்கள், 50-இல் விட்டவர்கள் 6, 40-இல் விட்டவர்கள் 9, 30-இல் விட்டவர்கள் ஏறக்குறைய முழுப் பத்தையும். விட்டவர்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்கானவர்களாக இருக்கலாமே என்று கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் விட்ட வயதுக்கு ஏற்ப இப்படிப் படி வைத்து இறங்குவதை அது மட்டும் விளக்காது. பிறக்கும்போதே வந்த மரபணுவோ சிகரெட்டை விட்ட நாளில் மாறிவிடாது.

டாலும் புகைத்துக்கொண்டிருந்தவர்தான். 1950 ஆய்வு நடக்கும்போதே, எண்கள் போகும் போக்கைப் பார்த்து விட்டுவிட்டார். 92 வயது வரை இருந்தார். ஃபிஷர் 72-இல் காலமானார். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருத் தாத்தாவின் சாவு வீட்டில் பேசியவர்களும் இதைத்தான் செய்தார்கள்.